முதல் நூறு மீட்டர் சரிவைப் பார்த்து ஊரை முடிவு செய்யுங்கள்

கேள்வி: நாங்கள் தில்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. என் வீட்டுக்காரர் மத்திய அரசு ஊழியர். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். 67 வயது, பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறார். வரும் ஜனவரி விடுமுறையில் பிள்ளைகளைப் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளக் கூட்டிப்போக ஆசை. கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் வைத்திருக்கிறோம். குல்மர்க், ஔலி, மணாலி என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அலுவலகத் தோழி ஒருத்தி கஜகஸ்தானே மேல் என்கிறாள். ஒரு ஏஜென்ட், ‘ஸ்கீயிங் உட்பட எல்லாம் சேர்த்து’ என்று நாலு நாள் ஸ்ரீநகர் பேக்கேஜ் அனுப்பியிருக்கிறார். காசு வீணாகாமல் எதைத் தேர்ந்தெடுப்பது? மாமியார் புடவை தவிர வேறெதுவும் உடுத்த மாட்டார், அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் குடும்பத்துக்கு குல்மர்க்தான் சரி. ஆனால் ஜனவரி முதல் வாரத்தில் போகாதீர்கள். ஸ்ரீநகரில் தங்கிக்கொண்டு ஒருநாள் போய்வருகிற ஏற்பாடும் வேண்டாம். இந்த இரண்டையும் மாற்ற முடியாது என்றால், நான் சொல்லும் பதிலே வேறு. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

பனிச்சறுக்கு ஊர்களைப் பற்றி எங்கே படித்தாலும் மலையின் உயரம், சரிவின் நீளம், உலகத்தரம் என்றுதான் எழுதியிருப்பார்கள். முதல்முறை போகிற குடும்பத்துக்கு அதெல்லாம் தேவையில்லை. உங்கள் நாலு நாளும் மலையின் கீழ்க்கோடியில் இருக்கிற முதல் நூறு மீட்டர் சரிவில்தான் கழியப்போகிறது. அந்தச் சரிவு மெதுவாக இறங்கி, கடைசியில் தானாகவே சமதளமாகிவிட வேண்டும். பிள்ளை நிறுத்தத் தெரியாமல் வந்தாலும் தானே நிற்க வேண்டும். தங்கும் அறை அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆறு வயதுப் பையனுக்குக் கை விறைத்து அழுகை வந்தால், பத்து நிமிஷத்தில் அறைக்குத் தூக்கிவந்து சூடாக ஏதாவது கொடுக்க முடிய வேண்டும். இது இருக்கிற ஊர்தான் உங்களுக்கு மலிவான ஊர். இது இல்லாத இடத்தில் அறை வாடகை பாதியாக இருந்தாலும், பிள்ளைகள் பனியில் கற்கிற நேரத்தைக் கணக்குப் போட்டால் அது விலை கூடிய இடம்தான்.

குல்மர்க்கில் இது இருக்கிறது. சுமார் 2,650 மீட்டர் உயரத்தில், நடுவே குழிந்து கிடக்கும் பெரிய புல்வெளி. கோடையில் அதுதான் கோல்ஃப் மைதானம். குளிர்காலத்தில் அதன் ஓரங்கள் எல்லாம் புதியவர்கள் பழகுவதற்கென்றே அமைந்தது போன்ற மெல்லிய சரிவுகளாகிவிடும். ஏறிப்போக அங்கே சிறிய இழுவை லிஃப்டுகள் உண்டு. பெய்ஜிங் 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்ட ஒரே வீரர் ஆரிஃப் கான் சிறுவயதில் பழகியதும் இந்த ஊரில்தான். ஸ்ரீநகர் விமான நிலையத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் என்பதால் பிள்ளைகளும் பெரியவரும் வழியில் களைத்துப்போக மாட்டார்கள்.

எல்லாரும் பேசுகிற கேபிள் கார், அதாவது கொண்டோலா, இரண்டு கட்டமாகப் போகிறது. முதல் கட்டம் கொங்டூரி வரை, சுமார் 3,100 மீட்டர். இரண்டாவது கட்டம் அஃபர்வாட் மலைமேல் சுமார் 3,950 மீட்டர் வரை. இரண்டாவது கட்டத்துக்கு மேலே உள்ள பனிச்சரிவுகள் வெளிநாட்டிலிருந்து வரும் தேர்ந்த வீரர்களுக்கானவை. அங்கே பனிப்பாறைச் சரிவு அபாயம் நிஜமானது. 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் அந்த மலையில் இறந்தார்கள். உங்கள் குடும்பத்துக்கு அந்தப் பக்கமே வேலையில்லை. முதல் கட்டம் மட்டும் ஒருநாள் போய் வேடிக்கை பார்த்து வாருங்கள். டிக்கெட்டை ஜம்மு காஷ்மீர் கேபிள் கார் கழகத்தின் இணையதளத்தில் நீங்களே முன்பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு கட்டங்களுக்கும் தனித்தனி டிக்கெட். வாசலில் நின்று ‘நான் வாங்கித் தருகிறேன்’ என்று வருபவர்களிடம் காசு கொடுக்க வேண்டாம்.

இப்போது தேதி. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்ததே இதுதான். தில்லிப் பள்ளிகளின் குளிர்கால விடுமுறை வழக்கமாக ஜனவரி 1 முதல் 15 வரை. காஷ்மீரிகள் சில்லை கலான் என்று சொல்லும் நாற்பது நாள் கடுங்குளிர் டிசம்பர் 21-இல் தொடங்கி ஜனவரி இறுதி வரை இருக்கும். குளிர் உச்சத்தில் இருப்பதால் பனியும் உச்சத்தில் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அப்படியில்லை. அங்கே பனி கொட்டுவது மேற்கிலிருந்து மத்திய தரைக்கடல் பக்கமாக வரும் காற்றழுத்த அலைகளால்தான்; ‘வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்’ என்று தில்லி வானிலைச் செய்திகளில் தினமும் கேட்கிறோமே, அதுவேதான். அது வராவிட்டால் எலும்பை உறைய வைக்கும் குளிர் மட்டும் இருக்கும், தரையில் காய்ந்த புல் தெரியும். 2024 ஜனவரியில் குல்மர்க் அப்படித்தான் வறண்டு கிடந்தது. மாதக் கடைசியில்தான் நல்ல பனி விழுந்தது. 2025-இல் குல்மர்க்கில் நடக்க வேண்டிய மத்திய அரசின் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையே பிப்ரவரியில் பனி போதாமல் தள்ளிவைத்து மார்ச் 9 முதல் 12 வரை நடத்தினார்கள். அரசாங்கமே தேதியை மாற்ற வேண்டியிருந்தது என்றால், மாற்ற முடியாத டிக்கெட்டோடு ஜனவரி 2-ஆம் தேதி போய் இறங்கும் குடும்பம் என்ன செய்யும்?

அதனால் என் யோசனை, ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி பாதிக்குள் போங்கள். உங்கள் பிள்ளைகள் ஆறாம் வகுப்பும் ஒன்றாம் வகுப்பும் வாக்கில் இருப்பார்கள், போர்டு பரீட்சை இல்லை. குடியரசு தின விடுமுறையை ஒட்டி நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்தால் பெரிய நஷ்டம் எதுவும் வந்துவிடாது. பள்ளியில் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இன்னொரு லாபம், புத்தாண்டுக் கூட்டம் வடிந்துவிடும், அறை வாடகையும் இறங்கும்.

இல்லை, பள்ளி விடுமுறையில்தான் போயாக வேண்டும் என்றால் ஜனவரி 10-ஐ ஒட்டிப் போங்கள். விடுதியில் தேதி மாற்ற முடிகிற, அல்லது பணம் திரும்பக் கிடைக்கிற அறையாக மட்டுமே எடுங்கள். சில ஆயிரம் கூடினாலும் பரவாயில்லை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் விடுதிக்குப் போன் செய்து, ‘இப்போது ஜன்னல் வழியாக ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். நல்ல விடுதிக்காரர்கள் அனுப்பிவிடுவார்கள். மழுப்பினால் புரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் தில்லி மூடுபனி. ஜனவரியில் அதிகாலை விமானம் எடுக்கவே எடுக்காதீர்கள். மூடுபனியில் மணிக்கணக்காக இந்திரா காந்தி விமான நிலையத்தில் உட்கார வேண்டியிருக்கும். பத்து, பதினொன்று மணிக்கு மேல் கிளம்பும் விமானமாகப் பாருங்கள். திரும்பும்போது கடைசி இரவு ஸ்ரீநகரில் தங்குவது போல வையுங்கள். பனி கொட்டினால் குல்மர்க்கிலிருந்து இறங்கும் சாலையும், சில நேரம் விமான நிலையமுமே நின்றுவிடும். விமானங்கள் ரத்தானால் இப்போது ஒரு மாற்றுவழி இருக்கிறது. 2025 ஜூனிலிருந்து ஸ்ரீநகருக்கும் ஜம்மு பக்கத்துக் கட்ராவுக்கும் வந்தே பாரத் ரயில் ஓடுகிறது. சுமார் மூன்று மணி நேரம். கட்ராவில் மாறி தில்லி வந்துவிடலாம்.

பணக் கணக்கில் உங்களுக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது, கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் மத்திய அரசு ஊழியர். சொந்த ஊர் போய்வர அரசு பயணக் கட்டணம் தரும் எல்.டி.சி. சலுகை ஒன்றை மாற்றி ஜம்மு காஷ்மீர் போய்வரச் சிறப்புச் சலுகை நடப்பில் இருக்கிறது. 2024-இல் தந்த நீட்டிப்பு 2026 செப்டம்பர் 25 வரை; உங்கள் தேதி அதற்குப் பிறகு என்றால் மறுபடி நீட்டித்திருக்கிறார்களா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விமானத்தில் போக உரிமையில்லாத நிலை ஊழியர்களும் தில்லியிலிருந்து காஷ்மீருக்கு எகானமி வகுப்பில் பறக்கலாம். டிக்கெட்டை மட்டும் அரசு அனுமதித்த மூன்று நிறுவனங்களில் ஒன்றின் வழியாகத்தான் வாங்க வேண்டும்: பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. வேறு செயலியில் பத்து ரூபாய் குறைவாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டால் பில் பாஸ் ஆகாது. மாமியார் அலுவலகப் பதிவேட்டில் சார்ந்திருப்பவராகப் பதிவாகியிருந்தால் அவருக்கும் சேர்த்து வரும். அவருக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்தால் வருமான வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். கிளம்பும் முன்பே அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்துவிட வேண்டும்.

இதில் ஒரு இழப்பும் உண்டு. சொந்த ஊர்ச் சலுகையை இங்கே செலவழித்தால் அந்த முறை ஊருக்குப் போவது கைக்காசில்தான். ஊரில் உங்கள் அப்பா அம்மா வயதானவர்களாக இருந்து, வருஷம் ஒருமுறை பேரப்பிள்ளைகளைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள் என்றால், அந்தச் செலவையும் இந்தக் கணக்கில் எழுதிப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

விமானக் கட்டணம் இப்படி வெளியே போய்விட்டால், உங்கள் ஒன்றரை லட்சம் தாராளமாகப் போதும். அதில் பாதியை அறைக்கு ஒதுக்குங்கள், கால் பங்கைப் பயிற்சியாளருக்கும் வாடகைச் சாமான்களுக்கும் வையுங்கள். மிச்சம் வண்டி, சாப்பாடு, கேபிள் கார், எதிர்பாராத ஒருநாள். அறையில் மிச்சம் பிடிக்கலாம் என்று 13 கிலோமீட்டர் கீழே இருக்கும் டங்மர்க்கில் தங்கச் சிலர் சொல்வார்கள். இளைஞர்கள் நாலு பேர் போனால் சரி. உங்களுக்கு வேண்டாம். பனி விழுந்த நாளில் டங்மர்க்கிலிருந்து மேலே போக டயரில் சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டிதான். தினமும் ஏறி இறங்கினால் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும், பாதி காலையும் போய்விடும். மேலேயே ஜம்மு காஷ்மீர் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் குடில்கள் இருக்கின்றன. ஐந்து பேர் குடும்பத்துக்கு இரண்டு ஓட்டல் அறை எடுப்பதைவிடக் குடில் பெரும்பாலும் கட்டுப்படியாகும். முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள்.

அறை எடுக்கும்போது வாடகைக்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: அறையை எப்படிச் சூடாக்குகிறீர்கள்? நடுவண் சூடேற்றும் வசதி இருந்தால் மிக நல்லது. மின்சாரப் போர்வை கொடுத்தால் நல்லது. புகைபோக்கி வைத்த விறகடுப்பு, அங்கே புகாரி என்பார்கள், மாலையில் உட்கார்ந்து பேசச் சுகமாக இருக்கும். ஆனால் அதை அணைத்துவிட்டோ, ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்தோதான் தூங்க வேண்டும். மூடிய அறைக்குள் கேஸ் ஹீட்டரையோ கரிநெருப்பையோ வைத்துக்கொண்டு இரவு தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. காஷ்மீரில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதனால் உயிர்கள் போகின்றன. குளிரில் விறைத்துப்போய் வந்து படுக்கும் இரவில் இதெல்லாம் ஞாபகம் வராது, அதனால்தான் இப்போதே அழுத்திச் சொல்கிறேன்.

இனி, ஏஜென்ட் அனுப்பிய பேக்கேஜ். ‘ஸ்கீயிங் உட்பட’ என்று போட்டு, மூன்று இரவும் ஸ்ரீநகரில் என்றிருந்தால், அதன் அர்த்தம் பெரும்பாலும் இதுதான். ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு வண்டி கிளம்பும். டங்மர்க்கில் வண்டி மாற்றி, கோட்டும் கம்பூட்ஸும் வாடகைக்கு எடுத்து மேலே போய்ச் சேர மதியம் ஆகிவிடும். பலகையைக் காலில் மாட்டி, ஒருவர் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் சறுக்க வைத்துப் படம் எடுப்பார்கள். நாலு மணிக்கு இறக்கம். பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள், கற்றுக்கொள்ள மாட்டார்கள். ஏஜென்ட் நல்லவராகவே இருக்கலாம். அவரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். பயிற்சியாளர் எத்தனை மணி நேரம் எங்கள் பிள்ளைகளோடு மட்டும் இருப்பார், ஆறு வயதுக்கான பூட்ஸும் ஹெல்மெட்டும் கிடைக்கும் என்று உறுதி தருவீர்களா, பனியே இல்லாவிட்டால் எவ்வளவு திரும்பத் தருவீர்கள். மூன்றுக்கும் தெளிவாகப் பதில் வந்தால் அந்த ஆளை நம்பலாம்.

நான் பரிந்துரைப்பது இது. மதிய விமானத்தில் ஸ்ரீநகர், நேராக குல்மர்க், அங்கே நாலு இரவு, கடைசி இரவு ஸ்ரீநகர். மூன்று முழுநாள் பனியில். காலையில் எட்டு மணிக்கே இறங்க வேண்டாம்; இரவில் உறைந்த பனி கண்ணாடி மாதிரி கெட்டியாக இருக்கும், புதியவர்களுக்கு அடிபடும். பத்தரை மணிக்கு வெயில் பட்டுச் சற்று இளகியதும் தொடங்கி இரண்டு மணி நேரம், சாப்பிட்டுவிட்டு இன்னும் ஒரு மணி நேரம். ஆறு வயதுக்கு அதற்கு மேல் தாங்காது.

பயிற்சியாளரை மணிக்கணக்கில் பேசாமல் நாள் கணக்கில் பேசுங்கள், சுற்றுலாத் துறையில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். இரண்டு பிள்ளைகளையும் ஒருவரிடமே விட்டால் சிக்கனம் என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் மகள் இரண்டாவது நாளே திரும்பவும் நிறுத்தவும் பழகிவிடுவாள். பையன் அப்போதுதான் விழுந்து எழக் கற்றுக்கொண்டிருப்பான். ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து இரண்டு பேருக்கும் அலுத்துப்போகும். காலையில் பையனுக்குத் தனியாக ஒருவர். மகளோடு நீங்களும் வீட்டுக்காரரும் சேர்ந்து இன்னொருவரிடம். நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். கரையில் நின்று படம் எடுப்பதற்காக இவ்வளவு தூரம் போக வேண்டாம்.

முதல் பாடத்தைக் கவனித்தாலே பயிற்சியாளரின் தரம் தெரிந்துவிடும். நல்லவர் முதலில் கைக்கம்புகளை வாங்கி ஓரமாக வைத்துவிடுவார். சின்னப் பிள்ளைக்கு முதல் நாட்களில் அது தேவையே இல்லை. எப்படி விழுவது, பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து எப்படி எழுவது என்று சொல்லித் தருவார். பிறகு பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை விரித்து, வேகத்தைக் குறைக்கப் பழக்குவார். நின்று காட்டிய பிறகுதான் இன்னும் பத்தடி மேலே கூட்டிப்போவார். வந்ததுமே பிள்ளையைத் தன் கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு மேலிருந்து சர்ரென்று இறக்கிக் காட்டுபவரை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

வாடகைச் சாமான்களில் பூட்ஸைப் பற்றித்தான் நான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். முதல்நாள் அழுகையில் பாதி, பொருந்தாத பூட்ஸால் வருவது. கடைக்காரர் கேட்பது செருப்பு நம்பர் அல்ல, பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில். வீட்டிலேயே ஒரு தாளில் பிள்ளைகளை நிற்க வைத்து, குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கடையில் பூட்ஸின் உள்ளுறையைக் கழற்றச் சொல்லுங்கள். வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு விரல்நுனி முன்னால் தொடும்படி நிற்க வைத்தால், குதிகாலுக்குப் பின்னால் உங்கள் விரல் ஒன்று அல்லது இரண்டு நுழைய வேண்டும், அதற்கு மேல் இடம் இருந்தால் பெரிது. பிறகு உள்ளுறையோடு போட்டு, கொக்கிகளை மாட்டி, முழங்காலை முன்னே வளைக்கச் சொல்லுங்கள். விரல்கள் பின்வாங்க வேண்டும், குதிகால் மேலே எழும்பக் கூடாது. வளரும் பிள்ளை, கொஞ்சம் பெரிதாகவே எடுப்போம் என்ற நம் பழக்கத்தை இங்கே காட்டாதீர்கள். குதிகால் ஆடினால் பலகை சொன்னபடி திரும்பாது. சாக்ஸ் ஒரு ஜோடிதான். முழங்கால் வரை வருகிற கம்பளி சாக்ஸ். இரண்டு ஜோடி போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சீக்கிரம் விறைக்கும்.

பலகையின் உயரம் பிள்ளையின் தாடை அளவு இருந்தால் போதும். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் கிளிப், விழும்போது தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். அதற்கு உடல் எடைக்கேற்பத் திருகி வைப்பார்கள். ‘எடை கேட்காமலே மாட்டிக் கொடுத்தார்’ என்றால் அந்தக் கடையில் எடுக்க வேண்டாம், முழங்கால் முறிவு வருவது அங்கிருந்துதான். ஹெல்மெட் இல்லாமல் பிள்ளைகளைப் பனியில் இறக்காதீர்கள். ஜீன்ஸ் போட வேண்டாம், நனைந்தால் காயாது. தெர்மல், ஃபிளீஸ், கையுறை எல்லாம் காஷ்மீரி கேட் பக்கத்து மொனாஸ்டரி மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிவிடலாம். தண்ணீர் இறங்காத மேல்பேன்டையும் ஜாக்கெட்டையும் அங்கே போய் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மற்ற ஊர்களை ஏன் விட்டேன் என்றும் சொல்ல வேண்டும். ஔலியின் சரிவு அருமையானது, உத்தராகண்ட் அரசு நிறுவனமான கர்வால் மண்டல் விகாஸ் நிகம் நடத்தும் வாரப் பயிற்சியும் நல்லது, எதிரே நந்தாதேவி தெரியும். ஆனால் ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரை சுமார் 250 கிலோமீட்டர் மலைச்சாலை, பகல் முழுக்க வளைவு. ஜோஷிமட்டில் நிலம் இறங்கியதால் அங்கிருந்து ஔலி போகும் ரோப்வே 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. ஆறு வயதையும் 67 வயதையும் வைத்துக்கொண்டு அந்த வழி வேண்டாம். மகளுக்குப் பதினைந்து, பதினாறு வயதாகும்போது அவளைத் தனியாகப் பயிற்சிக்கு அனுப்ப ஔலியை நினைவில் வையுங்கள்.

மணாலி, தில்லியிலிருந்து ஒரு இரவு வோல்வோ பயணம், சிக்கனம்தான். சோலங் பள்ளத்தாக்கில் ஸ்கீ உண்டு. ஆனால் கூட்டம், குதிரை, பனி ஸ்கூட்டர் எல்லாம் ஒரே சரிவில். பனியில் விளையாடினால் போதும், கற்க வேண்டாம் என்றால் தாராளமாக மணாலி போங்கள். சோலங்கில் பனி இல்லாவிட்டாலும் 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கத்தைத் தாண்டிச் சிஸ்ஸு பக்கம் பனி கிடைக்க வாய்ப்பு அதிகம். ஜனவரி முதல் வாரம்தான் முடியும், பட்ஜெட்டையும் கூட்ட முடியாது என்றால் என் பதில் மணாலிதான்.

கஜகஸ்தானைப் பற்றி உங்கள் தோழி சொன்னதில் உண்மை இருக்கிறது. அங்குள்ள அல்மாத்தி நகரத்திலிருந்து 25 கிலோமீட்டரில் ஷிம்புலாக் என்ற பனிச்சறுக்கு மையம். சீராக்கப்பட்ட சரிவு, ஸ்கீ பள்ளி, வாடகைக் கடை எல்லாம் ஒரே இடத்தில். மெடியு என்ற இடத்திலிருந்து கேபிள் கார் மேலே கொண்டுபோய் விடும். இந்தியர்களுக்கு 14 நாள் வரை விசா வேண்டாம். பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் மட்டும் என்றால், கையில் இதைப்போல இரண்டு மடங்கு இருந்தால், நானே அதைச் சொல்லியிருப்பேன். ஐந்து பேருக்கு விமானக் கட்டணமே உங்கள் தொகையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்; எல்.டி.சி.யும் அங்கே செல்லாது. சைவம் சாப்பிடுபவர்களானால் பெரியவருக்குச் சாப்பாட்டுக்கும் சிரமம்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். 2025 ஏப்ரலில் காஷ்மீரின் பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள்மீது நடந்த தாக்குதலை யாரும் மறக்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவு என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். கிளம்பும் வாரத்தில் அரசு அறிவிப்புகளைப் பாருங்கள். மனது ஒப்பவில்லை என்றால் தள்ளிப்போடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொரு நடைமுறை விஷயம்: வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது. உங்கள் இரண்டு போனில் ஒன்றாவது போஸ்ட்பெய்டாக இருக்கட்டும்.

மாமியாருக்கு வருகிறேன். அவரை விட்டுவிட்டுப் போகாமல் கூட்டிப்போக நினைக்கிறீர்களே, நல்லது. கடுங்குளிரில் பி.பி. ஏறும், கிளம்பும் முன் டாக்டரிடம் காட்டி, இந்த உயரத்தைச் சொல்லி, மாத்திரை அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். பி.பி. பார்க்கும் கருவியைக் கையோடு எடுத்துப்போங்கள். அவர் ஸ்ரீநகரிலேயே தங்க வேண்டியதில்லை, ஆனால் போய்ச் சேர்ந்த அன்று ஓய்வு மட்டும்தான். கேபிள் கார் முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். அவருக்குத் தெற்கு பார்த்த ஜன்னலுள்ள அறையாகக் கேளுங்கள். பகலில் வெயில் உள்ளே வரும், பேரப்பிள்ளைகள் சறுக்குவதும் தெரியும்.

சாப்பாட்டுக்கு ஒன்று. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். கெட்டிலில் அரிசி போட்டால் சரியாக வேகாது, வெகுநேரம் பிடிக்கும். குடிலில் சமையலறை இருந்தால் மூன்று லிட்டர் குக்கரைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், கொஞ்சம் வத்தல் போதும். வெளியே சாப்பிட்டால் ஹாக் கீரையும் தாமரைத்தண்டுக் குழம்பும் அவருக்குப் பிடிக்கும். சமைத்த எண்ணெய், பாத்திரம் பற்றிக் கேட்டு வாங்குங்கள்.

புடவை விஷயத்தில் அவரை வற்புறுத்த வேண்டாம். கீழே கம்பளித் தெர்மல் பேன்ட், மேலே முழுக்கைத் தெர்மல், அதன்மேல் ரவிக்கைக்குப் பதில் கழுத்து மூடிய ஸ்வெட்டர். பருத்தியும் பட்டும் வேண்டாம், கொஞ்சம் கனமான சிந்தெடிக் புடவையாக, கணுக்காலுக்கு நாலு விரல் மேலே தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். பனியில் இழுபடும் ஓரம்தான் நனைந்து உறையும். பாவாடைக்குப் பதில் தெர்மல் போதும், காலில் சுற்றிக்கொள்ளாது. முழங்கால் வரை வரும் கம்பூட்ஸ் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், அடியில் பல் வைத்ததாகப் பார்த்து எடுங்கள். மேலே போட காஷ்மீரிகளின் ஃபெரன் ஒன்று வாங்கிக் கொடுங்கள். தளர்வாகக் கழுத்திலிருந்து முழங்கால் வரை வரும், புடவைக்கு மேல் அப்படியே போட்டுக்கொள்ளலாம், கையையும் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். ஸ்ரீநகர் லால் சௌக்கில் விலை கேட்டு வாங்குங்கள், குல்மர்க் போய் வாங்கினால் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் போகும்போதே வண்டியைச் சற்றுச் சுற்றி லால் சௌக் வழியாகப் போகச் சொல்லிவிடுங்கள்.